வெல்டிங் சிற்பி வரைபடம் போட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவாரா?

எல்லோரும் அப்படியில்லை. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் இரும்புத் துண்டுகளைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பற்றவைப்பார். இளவயதில் கார் தொழிற்சாலையில் பழகிய கை அது. 1962இல் இத்தாலியின் வோல்ட்ரியில், மூடிய ஆலைகளில் கிடந்த இடுக்கிகள், சக்கரங்களைக் கொண்டு ஒரே மாதத்தில் 27 சிற்பங்கள் செய்து முடித்தார்.

முதலில் ஆங்காங்கே புள்ளி வைத்தாற்போல்தான் பற்றவைப்பார்கள்; பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம். முழு வெல்டிங்கையும் ஒரே பக்கமாக இழுத்தால், ஆறும்போது உலோகம் சுருங்கி, நேராக நின்ற தகடு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். அதனால் இரு பக்கமும் மாறி மாறிப் போட வேண்டும். இணைப்புத் தழும்பைத் தேய்த்து மறைப்பது அவரவர் ரசனை. எனக்கு அது தெரிவதே பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பென்றால் பூச்சை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள், அந்தப் புகை காய்ச்சலில் தள்ளிவிடும்.