வயிறாரச் சாப்பிட்டும் ஏன் இந்தக் களைப்பு?

கேள்வி: வயது 34. தர்மபுரத்தில் தோட்டம் செய்கிறோம். மூன்று நேரமும் சோறுதான், குறைவில்லாமல் சாப்பிடுகிறேன். ஆனாலும் கச்சானுக்குப் புல்லுப் பிடுங்கப் போனால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. குளுக்கோஸ் கரைத்துக் குடித்தும் சரிவரவில்லை. மாதவிடாய் எட்டு நாள் போகிறது. எனக்கு என்ன குறை?

பதில்: குளுக்கோஸ் பக்கெட் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் சாப்பிடும் சோறே சிறுகுடலில் குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்கிறது. மிஞ்சியதை ஈரல் சேமித்து வைத்து, வயிறு காய்ந்திருக்கும்போது விடுகிறது.

ஆனால் அதைச் சக்தியாக்கக் கலங்களுக்கு ஒட்சிசனும் வேண்டும். மண்ணெண்ணெய் நிறைய ஊற்றிவிட்டுக் காற்றுப் போகும் வழியை அடைத்தால் வோட்டர் பம் இழுக்குமா? ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.ரி.பி. கிடைக்கும், இல்லாவிட்டால் வெறும் 2. ஏ.ரி.பி. என்பதுதான் தசை செலவழிக்கும் சக்தி.

நுரையீரல் உள்ளே எடுக்கும் ஒட்சிசனைக் கலம்வரை சுமப்பது இரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஈமோகுளோபின். உடம்பு ஈமோகுளோபினை உண்டாக்க இரும்பு தேவை. மாதாமாதம் எட்டு நாள் இரத்தம் போனால் இரும்பும் சேர்ந்து போகும். சுமக்க ஆள் குறைந்ததும் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். உங்கள் படபடப்பு அதுவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் எப்.பி.சி. (இரத்த அணுக்களையும் ஈமோகுளோபினையும் அளக்கும் சோதனை) செய்யுங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. சீனி, தைரொயிட், கிரியேற்றினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேற்றினின் எதற்கு என்றால், அது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும். சிவப்பணு செய்யும்படி எலும்பு மச்சையைத் தூண்டும் ஓமோனைச் சுரப்பது சிறுநீரகம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே.

மாதவிடாய்ப் பிரச்சினையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைப் பார்க்காமல் இரும்புக் குளிசை மட்டும் போட்டால் ஓட்டைச் சட்டியில் ஊற்றின கதைதான்.

அப்புறம், சாப்பாட்டோடு பிளேன்ரீ வேண்டாம். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், மீனும் சேருங்கள்.

இரும்புக் குளிசை தந்தால் மலம் கறுப்பாகும், பயப்படத் தேவையில்லை. குளிசை தொடங்கும் முன்பே கறுப்பாகப் போனாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.