கேள்வி-பதில்: கிழங்கு வந்தது, கொடி வரவில்லை

ஆடிப்பட்டம் நெருங்கினாலே விதை, நாற்று, கிழங்கு வாங்கி நொந்தவர்களின் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை பெரும்பாலும் பூக்கொடிகள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் 3 செங்காந்தள் கிழங்குகளை 450 ரூபாய்க்கு வாங்கி நட்டேன். இரண்டு மாதமாகியும் முளை இல்லை. தோண்டிப் பார்த்தால் அழுகவும் இல்லை. விற்றவர் 'பொறுங்கள், வரும்' என்கிறார். படம் இணைத்துள்ளேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: வராது. காந்தள் கிழங்கு கலப்பை போல இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான். உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல உடம்பெல்லாம் கண் கிடையாது. உங்கள் படத்தில் மூன்று கிழங்குக்கும் நுனி ஒடிந்து, ஒடிந்த இடம் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கிறது. கூரியரில் செய்தித்தாளைச் சுற்றி அனுப்பினால் நுனி நிற்காது என்பது இதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாதா என்ன? 'பொறுங்கள்' என்பதெல்லாம் நாளைக் கடத்துகிற வேலை.

அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இதே படத்தோடு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த முறை பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நர்சரியில் வாங்கிய காந்தள் கார்த்திகையில் நன்றாகப் பூத்தது. இப்போது கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. நோயுள்ள செடியைத் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் செய்யலாமா?
- வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். கிழங்கு தூங்கப் போயிருக்கிறது. தண்ணீரை நிறுத்திவிட்டு அடுத்த மழைக்காலம் வரை மண்ணைக் கிளறாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'ஏழு நிற சங்குப்பூ விதை' என்று பாக்கெட் வருகிறது. படத்தில் ஆரஞ்சு, கரும்பச்சை எல்லாம் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: நீலம் உண்டு, வெள்ளை உண்டு, வெளிர் ஊதா உண்டு. ஆரஞ்சும் கரும்பச்சையும் கணினியில் பூத்தவை.

கேள்வி: மாதவிக்கொடி என்று கேட்டு, அதே பெயர் சொல்லித்தான் 350 ரூபாய் வாங்கினார்கள். ஒன்றரை வருடம் வளர்த்தேன். பூத்தபோது பார்த்தால் ரங்கூன் மல்லி. போய்க் கேட்டால், 'எல்லாம் ஒன்றுதான் சார். செடிக்கெல்லாம் ஏது பில்?' என்று சிரிக்கிறார்.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. என் வீட்டுப் பின்சுவரிலும் 'மாதவி' என்று விற்கப்பட்ட ஒரு ரங்கூன் மல்லி மாடி வரை ஏறி நிற்கிறது. நல்ல கொடிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்டது அதை இல்லையே.

இரண்டும் ஒன்று கிடையாது. மாதவி என்கிற குருக்கத்தி நம் காடுகளில் இயல்பாக வளரும் கொடி. பூ வெள்ளை, இதழ் ஓரம் கிழிந்த துணிபோலச் சிலும்பியிருக்கும், ஒரே ஒரு இதழில் மட்டும் மஞ்சள் தீற்று. காய்க்கு மூன்று இறக்கை. விழும்போது சுழன்றுகொண்டே விழும். ரங்கூன் மல்லிக்கு நீண்ட குழல் போன்ற பூ. வெள்ளையாக விரிந்து, ரோஸ் ஆகி, சிவப்பில் முடியும்.

இனி அந்த 'ஏது பில்?' விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பத்து ரூபாய்ப் பேனாவுக்குப் பில் தருகிற ஊரில், ஆயிரக்கணக்கில் செடி விற்கிற நர்சரிக்கு மட்டும் என்ன விலக்கு? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான்: பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள். 'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது' என்று கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டிவிட்டால் சட்டம் மாறிவிடாது. செடியில் சிக்கல் என்னவென்றால், அது பூக்கிற வரைக்கும் பொய் வெளியே வராது. 30 நாளில் எந்தக் கொடி பூக்கும்? அதனால்தான் செடிக்குப் பில் மற்ற பொருளைவிட அதிகம் தேவை. அச்சடித்த பில் இல்லையா, சரி. ஒரு துண்டுச் சீட்டில் கொடியின் பெயர், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யுபிஐயில் பணம் அனுப்பி, குறிப்பில் செடியின் பெயரைப் போடுங்கள். பெயரை எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள், தயக்கமே பதில்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம், நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 350 ரூபாய்க்காக அலைவீர்களா என்பது உங்கள் விருப்பம். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். சிரித்தவர் அதைப் படிக்கும்போது சிரிக்க மாட்டார்.

கேள்வி: காந்தள் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை. மலட்டுச் செடியை விற்றுவிட்டார்களா?
- வாசகர், அரியலூர்

பதில்: அரியலூரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்கள்! இந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் காலையில் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் காந்தள் வயலில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: முல்லை வாங்கி மூன்றாவது முறையும் பட்டுப்போனது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டியில் வைத்திருந்தேன். வெயில் படாது, ஆனால் தினமும் இரண்டு வேளை தண்ணீர். நல்ல நர்சரி சொல்லுங்கள்.
- வாசகி, சேலம்

பதில்: பாரி தேரையே கொடுத்தார், நீங்கள் வெயிலைக்கூடக் கொடுக்கவில்லை. நர்சரியை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். இடம் இல்லையென்றால் நான்காவது முல்லையை வாங்காதீர்கள்.

கேள்வி: காந்தள் ஏற பிளாஸ்டிக் வலை வாங்கலாமா, கம்பிப் பந்தல் போடலாமா? சுவரில் தானாக ஏறாதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சுவரில் ஏறாது. காந்தளுக்கு இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. பென்சில் பருமனுள்ள குச்சியோ மெல்லிய கம்பியோ கிடைத்தால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தடித்த குழாயைக் கொடுத்தால் வழுக்கி விழும். காய்ந்த மிளார் நாலு நட்டாலே போதும். மலிவான பச்சை வலை வாங்காதீர்கள். நான் வாங்கியது ஒரே கோடையில் தொட்டால் உதிர்ந்தது. இன்னமும் மண்ணைக் கிளறினால் பச்சைத் துணுக்குகள் வருகின்றன.

கேள்வி: சந்தையில் செங்காந்தள் கிழங்கு விற்றவர், 'இது மூலிகை, கொஞ்சம் அரைத்துச் சாப்பிட்டால் மூட்டுவலி போகும்' என்றார். மாமியாருக்குக் கொடுக்கலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: கூடாது, கூடவே கூடாது. கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். கிழங்கைச் சாப்பிட்டு உயிர்போனவர்கள் உண்டு. இதில் உள்ள கோல்சிசின், மூட்டுவாதத்தில் ஒரு வகைக்கு மாத்திரையாகத் தரப்படுவது உண்மைதான். அதை மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் தருகிறார். அரைத்த கிழங்கில் என்ன அளவு இருக்கிறது என்று அந்தச் சந்தைக்காரருக்குத் தெரியுமா? யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், கிழங்கையும் கையோடு எடுத்துப்போங்கள்.

விஷம் என்று ஒரு வரிகூடப் போடாமல் இதைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்களே, அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எச்சரிக்கை இல்லாமல் விற்ற பொருளால் கேடு வந்தால், 2019 சட்டத்தின் பொருள் பொறுப்பு விதிகளின்படி இழப்பீடு கேட்கலாம். தவழும் குழந்தையோ ஆடோ உள்ள வீட்டில் காந்தளே வேண்டாம். மற்றவர்கள் கிழங்கைத் தொட்டால் கையுறை போடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: மலையிலிருந்து தோண்டிக்கொண்டு வந்து பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
- வாசகர், தேனி

பதில்: காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம். அதற்கு அவசியமும் இல்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் இதை வயலிலேயே பயிரிடுகிறார்கள். அங்கே தெரிந்தவர் இருந்தால் ஆனி, ஆடியில் கேளுங்கள். கிழங்கு 50-60 கிராமாவது இருக்கட்டும், நுனி ஒடியாமல் இருக்கட்டும். விதை கொடுத்தால் வாங்காதீர்கள். முளைத்துப் பூக்க வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் எனக்கு இன்னொரு புகார்க் கடிதம் எழுதுவீர்கள்.