எஞ்சினுக்கு என்ன நிறம்? பட்டறை கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயிண்ட் பற்றியவை. பங்குனி பிறந்துவிட்டதல்லவா, மழைக்காலம் முழுக்கப் பிரித்துப் போட்ட எஞ்சின்களை எல்லோரும் கையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் அது பயன்படும்.

கேள்வி: ஐயா, என் அப்பா 1984-ல் வாங்கிய புல்லட் 350. அவர் போன பிறகு ஒன்பது வருடம் கொல்லைப்புறத்தில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. இப்போது எஞ்சினை முழுக்கப் பிரித்துவிட்டோம், கோர்ப்பதற்கு முன்னால் பெயிண்ட் அடிக்க வேண்டும். வீட்டில் இதில்தான் சண்டை. பெயிண்டர் எல்லாவற்றையும் பளபளப்புக் கறுப்பில் அடித்துவிடலாம் என்கிறார். மகன் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸைச் சிவப்பாக்கச் சொல்கிறான். எனக்குச் சின்ன வயதில் பார்த்த சில்வர்தான் மனதில் நிற்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
(கடலூர் ஓல்ட் டவுன் வாசகர்)

பதில்: கலர் சார்ட்டைக் கொஞ்ச நேரம் மடித்து வையுங்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு எஞ்சின் பாகங்களின் பக்கத்தில் உட்காருங்கள். பிஸ்டன் ஓடும் உருளையான பேரலில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அதன் மேலே மூடியாக இருக்கும் ஹெட்டில் ஒட்டாது, கிராங்க் கேஸில் ஒட்டாது, கியர் பாக்ஸிலும் ஒட்டாது. உங்கள் வண்டியில் பேரல் வார்ப்பிரும்பு, மற்றவை அலுமினியம். ஒரே எஞ்சினில் இரண்டு உலோகம் இருக்கிறது, உப்புக் காற்றில் இரண்டும் கெடும் விதம் வேறு. இரும்பு துருப்பிடித்துச் செதில் செதிலாகக் கொட்டும். அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, அந்தப் பூவுக்குக் கீழே ஊசி முனை அளவு குழி விழும். முழு எஞ்சினுக்கும் ஒரே பெயிண்ட் என்று பெயிண்டர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுதான் காரணம்.

பேரலுக்குப் பெயிண்ட் கட்டாயம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் வீட்டில் வெறும் வார்ப்பிரும்பு ஒரு ராத்திரி கூடத் தாங்காது. கறுப்பா சில்வரா என்பதை அந்தப் பேரலிடமே கேளுங்கள். அடிப்பக்கம் கிராங்க் கேஸோடு உட்காரும் விளிம்பு, சூட்டை ஆற்ற வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்களின் அடி இடுக்கு, இந்த இரண்டிலும் வெயிலும் கையும் பட்டிருக்காது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். தின்னர் வேண்டாம், தேடுகிற பெயிண்டையே அது கரைத்துவிடும். அழுக்கு போன பிறகு நகக்கண் அளவாவது பழைய நிறம் கிடைத்தால் அதையே அடியுங்கள். அது சில்வராக இருந்தால் சில்வர்தான், யாரும் மறுபேச்சுப் பேச வேண்டியதில்லை. அப்பா ஓட்டிய வண்டி, அவர் கண்ட நிறத்தில் இருக்கட்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் மட்டும் நான் அரைப் பளபளப்புக் கறுப்பு சொல்வேன். முழுப் பளபளப்பில் வார்ப்பிரும்பின் சொரசொரப்பு தார் பூசியது போலத் தெரியும்.

ஹெட், கிராங்க் கேஸ், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் நிறம் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. வாரத்தில் பத்து நிமிடம் இந்த வண்டிக்கு ஒதுக்க முடியுமா? லேசாக எண்ணெய் தொட்ட துணியால் அலுமினியத்தைத் துடைக்கிற வேலை, அவ்வளவுதான். முடியும் என்றால் அலுமினியத்தை அலுமினியமாகவே விடுங்கள். சுத்தம் செய்த வார்ப்பு அலுமினியத்தின் மங்கிய சாம்பல் வெண்மைக்கு ஈடாக எந்த டப்பாவிலும் நிறம் கிடையாது. முடியாது என்றால் மெல்லிய, மங்கலான அலுமினிய சில்வர் பூச்சு. டைமிங் கவர், கிளட்ச் கவர், ஹெட்டின் மேலிருக்கும் இரண்டு ராக்கர் கவர் ஆகியவற்றைப் பஃபிங் செய்து, அதாவது தேய்த்து மெருகேற்றி, அப்படியே விடுங்கள். மேலே நிறமில்லாத கிளியர் லாக்கர் பூச்சு அடிக்க வேண்டாம். ஒரு கல் தெறித்து லாக்கர் விட்டால் போதும், அந்த வழியாக உப்பு உள்ளே புகுந்து புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் ஓடும். அதைச் சரி செய்ய மொத்த லாக்கரையும் உரித்தாக வேண்டும்.

மகன் கேட்கும் சிவப்பு. கிராங்க் கேஸ் பேரல் அளவுக்குச் சூடாகாது, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்ட் அங்கே தாங்கும். அதனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். என் பட்டறை மாடியில் கடலைப் பார்த்த சுவரில், உடைந்த ஒரு ஹெட்டிலிருந்து அறுத்த ஃபின் துண்டுகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதியிருக்கும். அதில் சிவப்புத் துண்டு இரண்டாவது கோடையிலேயே செங்கல் நிறமாகிவிட்டது. பக்கத்தில் தொங்கும் சில்வர் இன்னும் சில்வராகத்தான் இருக்கிறது. பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டும் பவுடர் கோட்டிங் செய்த துண்டு நடுவில் புதிது போல இருக்கிறது, ஆனால் அறுத்த ஓரங்களில் பூச்சு பொரி போல எழும்பி நிற்கிறது. மகனையும் இப்படி ஒரு துண்டில் சிவப்பு அடித்து உங்கள் மொட்டை மாடியில் தொங்கவிடச் சொல்லுங்கள். அவன் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும். இன்னொன்று, பழைய எஞ்சினில் எங்கே எண்ணெய் கசிகிறது என்று சில்வரில் அன்றைக்கே தெரியும், கறுப்பு அதை மறைத்துவிடும். அப்பா வண்டியில் எதுவும் மறைய வேண்டாம்.

நிறத்தை விட எனக்குக் கவலை சுத்தம் செய்கிற வேலையில். 2003-ல் இதே போல ஒரு புல்லட் கிராங்க் கேஸை, காற்றழுத்தத்தில் மணலை வீசிச் சுத்தம் செய்யும் மணல் பிளாஸ்டிங்குக்கு வெளியே கொடுத்தேன். வெள்ளி மாதிரி வந்தது. இரண்டு முறை கழுவிக் கோர்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது கீழே தட்டுகிற சத்தம். பிரித்துப் பார்த்தால், கனெக்டிங் ராடின் அடிமுனை சுழலும் பிக் எண்ட் புஷ்ஷில் மணல் பதிந்து மின்னுகிறது. எண்ணெய் போகிற துளையின் வளைவில் ஒளிந்திருந்த மணல் அது. வண்டிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து கிராங்க் கேஸை மணலுக்கு அனுப்புவதே இல்லை. மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும்தான். பிடிவாதமான கறைக்கு மட்டும், எல்லாத் துளைகளையும் ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டு, மணலுக்குப் பதில் பொடிக் கண்ணாடி மணிகளை வீசும் பிளாஸ்டிங். அப்புறம் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரசர் காற்று. காஸ்டிக் சோடாவில் ஊறப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிட்டவே சேர்க்காதீர்கள். அலுமினியம் நுரைத்துப் பொங்கிக் கறுத்துவிடும், உலோகமே கரைந்து போகும்.

பேரலின் துருவை ஒயர் பிரஷ், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி இரண்டையும் வைத்து எடுங்கள். உள்ளே பிஸ்டன் ஓடும் சுவருக்குக் கிரீஸ் தடவி, மேலும் கீழும் அட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும். கழுவிக் காய்ந்ததும் உடனே பெயிண்ட். சாப்பிட்டு வந்து அடிக்கலாம் என்று போனால் வருவதற்குள் செம்பழுப்புப் பொடி தூவியது போலத் துரு ஏறியிருக்கும். சூடு தாங்கும் சிலிக்கான் பெயிண்ட் வாங்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு அடியில் பிரைமர் தேவையில்லை. சாதா பிரைமர் சூட்டில் கருகி, மேல் பெயிண்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஸ்பிரே கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் முனையில் மட்டும் பெயிண்ட் தடித்து நிற்கும், இடுக்கில் போகாது. முதலில் பேரலைச் சாய்த்து இடுக்குகளுக்குள் ஒரு சுற்று, காய்ந்ததும் நான்கு பக்கத்திலிருந்தும் மெல்லிதாக இரண்டு சுற்று. ஒரு சுற்று 25 மைக்ரான் போதும். தடித்தால் முதல் சூட்டிலேயே கொப்புளம் வரும்.

இந்தப் பெயிண்ட் காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் வேக வேண்டும். வேகாத பூச்சில் ஒரு சொட்டுப் பெட்ரோல் பட்டாலும் கையோடு வந்துவிடும். டப்பாவில் போட்டிருக்கும் சூட்டையும் நேரத்தையும் பாருங்கள், பலவற்றில் 200 டிகிரி, ஒரு மணி நேரம் என்று இருக்கும். பவுடர் கோட்டிங் செய்கிற இடத்தில் கேட்டால் அவர்கள் அடுப்பில் பேரலை மட்டும் வைத்துத் தருவார்கள். வீட்டுச் சமையல் ஓவனில் வைக்காதீர்கள், அந்தப் புகை சாப்பாட்டோடு சேரக் கூடாது. பெயிண்ட் அடிக்க ஏற்ற நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. மதியம் கடல் காற்று ஏறிவிட்டால் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிடுங்கள், ஈரமும் உப்பும் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: அண்ணே, என்னிடம் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் இருக்கிறது. கறுப்பு அடித்தால் எஞ்சின் சீக்கிரம் ஆறும் என்கிறார்கள். உண்மையா?
(வில்லியனூர் வாசகர்)

பதில்: அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது தம்பி. பளபளவென்று பஃபிங் செய்த அலுமினியம் சூட்டை வெளியே வீசுவதில் மிகவும் மந்தம். முழுமையாக வீசும் பொருளை 100 என்று வைத்தால் அது 10-ஐக் கூடத் தொடாது. சாதாரணப் பெயிண்ட் பூசியது 90-க்குப் பக்கத்தில் வரும். ஆனால் அந்தத் தொண்ணூறு கறுப்புக்கு மட்டும் உரியதல்ல. வெள்ளை, பச்சை எதை அடித்தாலும் ஏறக்குறைய அதே கணக்குதான். அந்தச் சூட்டில் எஞ்சின் வீசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அதற்கு நம் கண் பார்க்கும் நிறம் பொருட்டல்ல. அலுமினியத் தூள் கலந்த சில்வர் மட்டும் நன்றாகவே குறையும்.

ஆனாலும் ஓடுகிற வண்டியில் சூட்டைப் பெரும்பகுதி எடுத்துப் போவது காற்று. அதனால் நிறத்தைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் ஃபின் இடுக்கில் இறுகிக் கிடக்கும் சேற்றைச் சுரண்டி எடுங்கள். பூச்சு மெல்லிதாக இருக்கட்டும், ஃபின்னில் பவுடர் கோட்டிங் வேண்டாம். கறுப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக அடியுங்கள்.

கேள்வி: என் பைக் மெரூன் நிற எஸ்டி ரோட்கிங். எஞ்சினின் இடது பக்கக் கவரையும் அதே மெரூனில் அடித்தால் பொருத்தமாக இருக்குமா?
(பண்ருட்டி வாசகர்)

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர், அதுவும் அந்தக் கவர் பக்கத்தில்தான். உதைக்கும்போதும் கியர் மாற்றும்போதும் செருப்பு அந்தக் கவரில் உரசிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் மெரூனுக்கு நடுவே வெள்ளைத் தழும்பு தெரியும். முட்டை வடிவில் இவ்வளவு அழகான கவர் வேறு எந்த வண்டியில் இருக்கிறது? இந்த வண்டியைச் செய்த மைசூர் தொழிற்சாலை மூடியது 1996-ல். நல்ல நிலையில் மாற்றுக் கவர் கிடைப்பது இன்றைக்குக் கஷ்டம். பஃபிங் செய்து விட்டுவிடுங்கள். உரசினாலும் அலுமினியத்தின் மேல் அலுமினியம்தான் தெரியும், மெட்டல் பாலிஷ் போட்டால் மறைந்துவிடும்.

கேள்வி: எஞ்சின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரச்சினை வருமா?
(லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: ஆர்.சி.யில் எழுதியிருப்பது வண்டியின் நிறம், எஞ்சினின் நிறம் அல்ல. நீங்கள் கவனிக்க வேண்டியது எஞ்சின் நம்பரை. பதினைந்து வருடம் முடிந்து புதுப்பிக்கக் கொண்டு போகும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். பிளாஸ்டிங்கிலோ எமரியிலோ ஓர் இலக்கம் மழுங்கினாலும் அலைச்சல்தான். வேலை தொடங்கும் முன் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள், போட்டோவும் எடுங்கள். பிறகு இரண்டு அடுக்கு டேப் ஒட்டி மூடுங்கள். பெயிண்ட் வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் தூரிகையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. எண் குழிவாக இருப்பதால் பெயிண்ட் தேங்கும், ஈரம் காயும் முன் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.