இரண்டாவது சாவியும் இரவு 11.40 மணியும்

அந்தக் கொலை வழக்குத் தொடரைப் பற்றி நீங்கள் இரண்டு கேட்டீர்கள்: இரண்டாவது சாவி என்ன ஆனது, மரண நேரத்தை அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று. இரண்டில் சாவி விஷயம் சின்னது. முதல் பாகத்தில் கேமரா அவ்வளவு நேரம் காட்டிய இரண்டாவது சாவி கடைசிவரை திரும்ப வரவே இல்லை என்றால், எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த சீசனுக்கான தூண்டில் என்று உங்கள் நண்பர் சொல்வதை நான் நம்பவில்லை. தூண்டில் போடுபவர்கள் கடைசிக் காட்சியிலாவது அதை ஒருமுறை ஆட்டிக் காட்டுவார்கள்.

மரண நேரம்தான் பெரிய ஓட்டை. உடலைப் பார்த்த உடனே மருத்துவர் "இரவு 11.40" என்கிறார், கணவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதிலேயே முழு வழக்கும் நிற்கிறது. நிஜத்தில் அப்படி நிமிடக் கணக்கில் சொல்லவே முடியாது. உடல் சூடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், சரி, ஆனால் அறையின் வெப்பநிலை, உடல் எடை, மேலே இருந்த துணி, போர்வை எல்லாமே அந்தக் கணக்கை மாற்றும் (இதில் ஏசி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது!). உடல் சூட்டை வைத்து மரண நேரத்தைக் கணக்கிட தடயவியலில் பரவலாகப் பயன்படும் ஹென்ஸ்கே முறையே, எல்லாம் சாதகமாக இருந்தாலும், முன்னே பின்னே 2.8 மணி நேரம் விட்டுத்தான் சொல்லும்.

அப்படிப் பார்த்தால் 9.30-க்கு வீட்டுக்கு வந்துபோன தம்பியும் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டும். அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்புறம் அந்த செல்போன் டவர் காட்சி. டவர் பதிவை மட்டும் வைத்து போன் தோராயமாக எந்தப் பகுதியில் இருந்தது என்று சொல்லலாம், மொட்டை மாடியில் இருந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது.

நண்பரிடம் சாவியை விட்டுவிட்டு தம்பியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.