50 வரை ஏற்றியும் டயர் ரிம்மில் உட்காரவில்லை: பதில்

ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது, மறுபக்கம் 50 பிஎஸ்ஐ ஏற்றியும் அசையவில்லை என்கிறீர்கள். முதலில் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். கார் டயரை உட்காரவைக்க 40தான் எல்லை. தாண்டினால் டயரின் விளிம்புக்குள் இருக்கும் கம்பி வளையம் அறுந்து டயர் வெடிக்கலாம்.

அடுத்து, டயரிலும் ரிம்மிலும் உள்ள அளவுகளைப் படியுங்கள். 16 அங்குல டயர் 16.5 ரிம்மில் நுழைந்துவிடும், ஆனால் சரியாக உட்காராது. ஆளையே கொன்ற பொருத்தம் அது.

அளவு சரியா? அப்படியானால் பெரும்பாலும் துருவோ காய்ந்த விளிம்போதான் காரணம். ரிம்மைக் கம்பி பிரஷால் சுரண்டி, சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். அப்புறம் கம்ப்ரசரை 40இல் வைத்து, வால்வு பின்னைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். காற்று மொத்தமாகப் பாயும். கிளிப் மாட்டிய நீளக் குழாயோடு தள்ளி நில்லுங்கள், டயரின் பக்கவாட்டுக்கு நேராக வேண்டாம். விளிம்பில் விரல் வைக்கவே கூடாது.

'டப்' என்று கேட்டதும் நம்பிவிடாதீர்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால்தான் உட்கார்ந்திருக்கிறது.

டயருக்குள் ஸ்பிரே அடித்துத் தீ வைத்து உட்காரவைக்கும் வித்தையா? வீடியோவோடு இருக்கட்டும்.