ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் போடலாமா?

பள்ளி ஆசிரியராக இருந்தபோது பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன் நான். கட்டாய ஓட்டு பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடவில்லை என்றால் அபராதமாமே? நாமும் அப்படிச் செய்தால் என்ன?

பதில்: உண்மைதான். அங்கே 1922 தேர்தலில் 60 சதவீதம் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 1924-ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே 91 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு அபராதம் 20 டாலர்தான். ஆனால் அபராதத்தை மட்டும் பார்க்காதீர்கள். தேர்தல் அங்கே சனிக்கிழமை நடக்கிறது. வெளியூரில் இருப்பவர் அதே மாநிலத்தில் எந்தச் சாவடிக்குப் போனாலும் தன் தொகுதிக்கு ஓட்டுப் போடலாம். தபால் ஓட்டும் முன்கூட்டியே போடும் ஓட்டும் தாராளமாக உண்டு. முதலில் வழி, அப்புறம் கட்டாயம். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: இந்தியாவில் யாரும் முயன்றதில்லையா?

பதில்: குஜராத் முயன்றது, உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும். 2009-ல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, 2014-ல்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது, 2015-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டு சட்ட ஆணையமும் தன் 255-வது அறிக்கையில் கட்டாய ஓட்டு வேண்டாம் என்றது.

கேள்வி: எனக்கு வேலை திருப்பூரில், ஓட்டு ராமநாதபுரம் பக்கம். போய்வர ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அபராதம் வந்தால் அதையும் நான்தான் கட்ட வேண்டுமா?

பதில்: நான் கட்டாயத்தை எதிர்ப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் தம்பி. வெளியூரில் இருந்தபடியே ஓட்டுப் போட ஓர் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டியது. இயந்திரம் ஒன்று, அதில் 72 தொகுதிகளின் ஓட்டைப் பதியலாம். எதிர்ப்பு வந்து அப்படியே நின்றுபோயிற்று. இப்போதைக்குத் திருப்பூரிலேயே குடியிருந்தால் படிவம் 8 கொடுத்து உங்கள் ஓட்டை அந்த ஊர்ப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேர்தல் நாளில் சம்பளத்தோடு லீவு உண்டு, தினக்கூலிக்கும்தான். கேட்டு வாங்குங்கள்.

ஒரு தேர்தலில் மத்தியான வெயிலில் ஓர் அம்மா வந்தார். நடவு வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார், கால் சேறு காயவில்லை. பட்டியலில் பெயர் இல்லை. அடையாள அட்டையை என் மேசையில் வைத்து, "அட்டை இருக்கு, ஆளும் இருக்கேன், பேரு எங்க சார் போச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. திருப்பி அனுப்பினேன். வர நினைப்பவரை இப்படி அனுப்பிவிட்டு, வராதவரைத் தண்டிக்க நமக்கு என்ன தகுதி?

கேள்வி: யாரையுமே பிடிக்கவில்லை என்றால்?

பதில்: நோட்டா இருக்கிறது, 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலில் நிற்பவர் ஜெயித்துவிடுவார். இதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: ஐயா, மகளுக்கு ஜூனில் 18 முடிகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. 18 முடிந்ததா என்று கணக்குப் பார்க்கும் தகுதி நாள் இப்போது ஆண்டுக்கு நான்கு. அவளுக்கு ஜூலை 1 கணக்கு. 17 முடிந்தவர்கள் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். அவளையே நிரப்பச் சொல்லுங்கள்.