அலட்டிக்கொள்ளாத பாடகர்: பெர்ரி கோமோ கேள்வி – பதில்

போன இதழில் மென்குரல் பாடகர்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் பெர்ரி கோமோ பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ‘அவ்வளவுதானா, ஒரே ஒரு வரிதானா?’ என்று கோபித்துக்கொண்டவர்கள் பாதி, ‘யாருங்க அது?’ என்று கேட்டவர்கள் பாதி. ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்தான். அரசியல், கிரிக்கெட் கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சினாட்ரா தெரியும், எல்விஸ் தெரியும். இந்தக் கோமோ யார் சார்?
– வாசகர், திருநெல்வேலி

சலூன்காரர். நிஜமாகத்தான் சொல்கிறேன். 1912 மே 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கேனன்ஸ்பர்க் என்ற ஆலை ஊரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஆலைத் தொழிலாளி, வீடு நிறையப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சலூனில் எடுபிடி வேலை, பதின்வயதிலேயே சொந்தக் கடை. முடி வெட்டிக்கொண்டே பாடுவார், அதற்காகவே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். 1933-இல் ஃப்ரெடி கார்லோன் என்பவரின் வாத்தியக் குழுவில் பாட வாய்ப்பு வந்தபோது, கடையில் கிடைத்த வருமானத்தைவிட அங்கே சம்பளம் குறைவு, இருந்தும் போனார். 1936-இல் டெட் வீம்ஸ் குழு. 1942-இல், போர்க்காலத்தில், அந்தக் குழு கலைந்தபோது, ஊர் ஊராகச் சுற்றியது போதும் என்று சொந்த ஊருக்கே திரும்பி மறுபடி கடை போடப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நியூயார்க்கிலிருந்து வானொலி வாய்ப்பு வந்தது. அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டு ஒப்பந்தம், 1945-இல் ஷோப்பானின் பியானோ மெட்டு ஒன்றை எடுத்துச் செய்த பாட்டு நாடெங்கும் முதலிடம்.

‘குரூனர்’ என்கிற மென்குரல் பாடகர்கள் எல்லாம் குரல் வளம் இல்லாமல் மைக்கை நம்பிப் பிழைத்தவர்கள் என்று என் மாமா சொல்கிறார். சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

மாமாவிடம் சண்டை வேண்டாம். ஆனால் அவர் சொல்வதில் பாதிதான் சரி. 1920-களுக்கு முன்னால் மேடைப் பாடகர் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கத்தியாக வேண்டும். சிலர் கையில் மெகாஃபோன் என்ற கூம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். 1925 வாக்கில் மின்முறை ஒலிப்பதிவு வந்தது, வானொலியும் பரவியது. அப்புறம்தான் காதோரம் பேசுகிற மாதிரி பாட முடிந்தது. ரூடி வேலி, பிங் கிராஸ்பி எல்லாரும் அந்த வழியில் வந்தவர்கள், கோமோவும் ஆரம்பத்தில் கிராஸ்பியின் சாயலில்தான் பாடினார். மைக்கை நம்பினார்கள் என்பது உண்மை. ஆனால் மைக் என்பது பூதக்கண்ணாடி, மூச்சு வாங்கினாலும் தெரியும், சுருதி இம்மி நகர்ந்தாலும் தெரியும். உரக்கப் பாடுகிறவர் மறைத்துவிடக்கூடிய குறைகளை மெல்லப் பாடுகிறவர் மறைக்க முடியாது. மாமாவை எடுப்பான ஒரு பாட்டைப் பாதி சத்தத்தில் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணமாகி 1970-களில் நியூஜெர்சி வந்தேன். பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா டிசம்பர் வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து கோமோவின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பார்க்க வைப்பார். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது, ஆனாலும் கடைசிப் பாட்டில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். அந்த நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுங்களேன்.
– வாசகி, நியூஜெர்சி

கடைசிப் பாட்டு ‘ஆவே மரியா’வாக இருக்கும், அம்மா. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளை அதில் முடிப்பது அவர் வழக்கம். 70-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஊர்: 1975-இல் மெக்சிகோ, 1976-இல் ஆஸ்திரியா, 1978-இல் வர்ஜீனியாவின் பழைய வில்லியம்ஸ்பர்க், 1980-இல் புனித பூமி, 1982-இல் பாரிஸ். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த வரிசை 1986 வரை ஓடியது. அப்புறம் 1994 ஜனவரியில், தமது 81-ஆவது வயதில், டப்ளினில் ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரி பாடிப் பதிவு செய்தார், அதுதான் கடைசி.

கோபிக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்லட்டுமா? எனக்கு அந்த ஊர் சுற்றும் நிகழ்ச்சிகளைவிட 50-களின் வாராந்திர நிகழ்ச்சிதான் உயர்த்தி. பனி, தேவாலயம், குதிரை வண்டி எல்லாம் வந்து அவருக்கும் நமக்கும் நடுவில் நின்றுகொள்கின்றன. அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்டூலும் ஒரு இசைத்தாள் பலகையும்தான்.

யூடியூபில் தேடிப் பார்த்தேன். மனிதர் அசையவே இல்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கப்போகிற மாதிரி பாடுகிறார். இதற்கா அவ்வளவு கூட்டம்?
– வாசகர், ஓசூர்

உங்களுக்கு முன்னாலேயே இந்தச் சந்தேகம் வந்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்.சி.டி.வி. என்ற கனடா நகைச்சுவை நிகழ்ச்சியில் யூஜின் லெவி கோமோ வேஷம் போட்டுப் படுத்துக்கொண்டே பாடுவார். ‘இன்னும் உயிரோடு இருக்கிறார்’ என்பதுதான் அந்தக் கிண்டலின் தலைப்பே. பிங் கிராஸ்பியோ ‘அலட்டிக்கொள்ளாமல் இருப்பதைக் கண்டுபிடித்தவரே இவர்தான்’ என்ற பொருளில் இவரைப் பாராட்டினார்.

அந்தச் சும்மா இருப்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். 1955 செப்டம்பரில் என்.பி.சி.யில் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேர நிகழ்ச்சி ஆரம்பமாகிறது, எதிர்ச் சேனலில் ஜாக்கி கிளீசன் என்ற மாபெரும் நகைச்சுவை நடிகர். நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு, தவறினால் திரும்ப எடுக்க முடியாது. மிட்செல் அயர்ஸின் பெரிய வாத்தியக் குழு பின்னால், கோரஸ் பக்கத்தில், விருந்தினர் வருவதும் போவதும், கேமராக்கள் நகர்வதும், விளம்பரத்துக்கு நொடிக்கணக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி தெரிய வேண்டும் என்றால், அதற்குள் எவ்வளவு பிடிமானம் இருந்திருக்க வேண்டும்! கிளீசன் பக்கம் இருந்த கூட்டத்தில் பெரும்பகுதியைக் கோமோ தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கையைக் காலை ஆட்டுகிற பாடகர் தியேட்டருக்குச் சரி. கூடத்தில் பெட்டிக்கு ஆறடி தள்ளி, சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் யாரும் கத்த வேண்டியதில்லை. அது புரியாமல், தொலைக்காட்சிக்கு வந்தும் மேடையில் நிற்பது மாதிரியே பாடிய பாடகர்கள் பலர். கோமோவுக்கு மட்டும் முதல் நாளே புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1948 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அவருடைய வானொலி நிகழ்ச்சியை அப்படியே படம்பிடித்து ஒளிபரப்பியதில் தொடங்கி, 1950-இலிருந்து 55 வரை சி.பி.எஸ்.ஸில் வாரம் மூன்று நாள் பதினைந்து பதினைந்து நிமிஷமாகப் பாடிப் பாடிப் பழகியது.

ரசிகர் கடிதங்களை வைத்தே ஒரு பகுதி நடத்துவாராமே?
– வாசகி, காரைக்குடி

ஆமாம், எனக்கு அந்தப் பகுதிமேல் தனிப் பொறாமை உண்டு. கோரஸ் முதலில் ‘கடிதம் வருது, கட்டுக் கட்டாக் கடிதம் வருது’ என்கிற அர்த்தத்தில் ஒரு சின்னப் பாட்டுப் பாடும், உடனே கோமோ ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ரசிகர்கள் எழுதிக் கேட்ட பாட்டுகளைப் பாடுவார். அலங்காரம் கிடையாது, நாட்டியம் கிடையாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஜனங்கள் காத்திருந்தது இதற்குத்தான். (கோரஸின் பெயர் ரே சார்ல்ஸ் பாடகர்கள். கறுப்புக் கண்ணாடி ரே சார்ல்ஸ் இல்லை, இவர் வேறு ரே சார்ல்ஸ். இதைக் கேட்டு நாலு கடிதம் வரும் முன்பே சொல்லிவிட்டேன்.) எனக்கு வரும் கடிதங்களை எல்லாரும் பாட மறுக்கிறார்கள்.

நாட் கிங் கோல் இவரைவிடப் பெரிய பாடகர். அவர் நிகழ்ச்சி மட்டும் ஏன் ஒரே வருஷத்தில் நின்றது?
– வாசகர், புதுச்சேரி

பெரிய பாடகர் யார் என்ற வழக்கில் நான் உங்கள் கட்சி. கோல் நிகழ்ச்சி 1956 நவம்பரில் என்.பி.சி.யில் தொடங்கி 1957 டிசம்பரில் முடிந்தது. குரலில் குறை இல்லை, பாட்டில் குறை இல்லை. ஹாரி பெலஃபான்டே, எல்லா ஃபிட்ஜெரால்ட் போன்றவர்கள் தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். ஆனால் நாடு முழுவதற்குமான ஒரு விளம்பரதாரர்கூட முன்வரவில்லை. கறுப்பினத்தவர் நடத்தும் நிகழ்ச்சியோடு தங்கள் சரக்கின் பெயர் ஒட்டிக்கொண்டால் தென்மாநிலங்களில் விற்பனை படுத்துவிடும் என்ற பயம். கோலே கடைசியில் விலகிக்கொண்டார். விளம்பர நிறுவனங்கள் நிறைந்த தெருவின் பெயரைச் சொல்லி, ‘மேடிசன் அவென்யூவுக்கு இருட்டு என்றால் பயம்’ என்றார். இரண்டே வருஷம் கழித்து, 1959-இல், கிராஃப்ட் என்ற உணவு நிறுவனம் கோமோவோடு போட்ட ஒப்பந்தம் நிகழ்ச்சித் தயாரிப்புச் செலவையும் சேர்த்து 2.5 கோடி டாலர். கோமோமேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்து வைத்துத்தான் அந்தக் காலத்தைப் பார்க்க முடிகிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரி மெதுவாக, ஒரே மாதிரி நிதானமாகப் பாடியவர்கள்.

வண்ணத்தில் ஒளிபரப்பானது என்கிறார்கள். கிடைப்பது எல்லாம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே?
– வாசகர், சேலம்

வாராவாரம் வண்ணத்தில் வந்த முதல் சில நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று என்பது உண்மை. ஆனால் வீடியோ நாடா புழக்கத்துக்கு வந்ததே 1956-இல்தான், அதுவும் யானை விலை. அதுவரை நேரடி ஒளிபரப்பைச் சேமிக்க ஒரே வழி, டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை நிறுத்திப் படம் எடுப்பது. கினெஸ்கோப் என்பார்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஓரம் வளைந்து, முகம் வெளிறித் தெரிவது அதனால்தான்.

எங்கள் வீட்டில் ரேடியோ சிலோன் ஆங்கில ஒலிபரப்பு ஓயாது. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது ஜிம் ரீவ்ஸ்தான், கோமோ இல்லை.
– வாசகி, யாழ்ப்பாணம்

நம் பக்கத்தில் ரீவ்ஸ்தான் ராஜா, இலங்கையிலும் சரி, தென்னிந்தியாவிலும் சரி. 1964-இல் விமான விபத்தில் போய்விட்டார், ஆனாலும் இன்றைக்கும் டிசம்பரில் அவர் குரல் கேட்காத ஆங்கிலோ இந்தியர் வீடு அபூர்வம். நமக்கு வந்தது இசைத்தட்டும் வானொலியும். கோமோவின் பலமோ தொலைக்காட்சி, அது நம் வீடுகளுக்கு வரும்போது அவருடைய வாராந்திர நிகழ்ச்சி முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது.

நம் பி.பி.ஸ்ரீனிவாஸை இவரோடு ஒப்பிடலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

குரலின் குளிர்ச்சியில் ஒப்பிடலாம். அதற்கு மேல் வேண்டாம். பி.பி.எஸ். இன்னொருவர் முகத்துக்காகப் பாடினார், ஜெமினி கணேசனுக்கும் ராஜ்குமாருக்கும். கோமோ தன் முகத்தோடு சேர்த்துத்தான் பாடினார்.

ராக் அண்ட் ரோல் வந்ததும் காணாமல் போய்விட்டாரா?
– வாசகர், மதுரை

எங்கே போனார்? 1958-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலின் அதிகாரபூர்வமான முதல் தங்கத்தட்டு விருது அவர் பாட்டுக்குத்தான். 1963-இல் வாராந்திர நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு நிதானமாக வருஷத்துக்குச் சில சிறப்பு நிகழ்ச்சிகள் என்று ஒதுங்கினார். 1970-இல் அர்மாண்டோ மன்சனேரோ என்ற மெக்சிகோ இசையமைப்பாளரின் மெட்டை ஆங்கிலத்தில் பாடி, 58 வயதில் மறுபடி முதல் பத்துக்குள் நுழைந்தார். 2001 மே 12-இல், 89 நிறைய ஆறு நாள் இருக்கும்போது காலமானார். கேனன்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை இருக்கிறது, பாட்டும் பாடும்.

சரி, எதிலிருந்து தொடங்கட்டும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ரசிகர் கடிதப் பாட்டுகள் வரும் 50-களின் துண்டுகளைத் தேடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, ஹெட்ஃபோன் மட்டும் நல்லதாக இருக்கட்டும். குதூகலமான, கொஞ்சம் அசட்டுத்தனமான ஹிட் பாட்டுகளை இப்போதைக்குத் தள்ளிவிடுங்கள். அவர் நெஞ்சு இருந்தது மெதுவான பாட்டுகளில்தான். இரண்டு வரி கேட்டுவிட்டு ஃபாஸ்ட் ஃபார்வர்ட் செய்தால் அடுத்த இதழில் உங்கள் கேள்விக்கு இடமில்லை.